கறுப்பிக்கு வைக்கோல் போட்டாச்சா?

முதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பெரணிச் செடி பிடிக்காது. பூக்காது, காய்க்காது, வாசனையும் கிடையாது. சும்மா பச்சையா நிக்கும். கார்ன்வால்ல எங்க லான்வாரோ பள்ளத்தாக்குல வேலிக்கு அடியில, கிணத்து ஓரத்துல, சர்ச் சுவத்து இடுக்குல, எங்க பார்த்தாலும் அதுதான். அதைப் போய் ஒருத்தர் மெனக்கெட்டு வளர்ப்பாருன்னு யாராவது சொல்லியிருந்தா வாய்விட்டுச் சிரிச்சிருப்பேன். கடைசியில பாருங்க, அப்படி ஒரு ஆளுக்கு முப்பத்தோரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரியா இருந்திருக்கேன். அவரோட பதினேழு மரப்பெரணிக்கும் வாளி தூக்கித் தூக்கி என் வலது தோள் இறங்கியே போச்சு.

அவர் பேரு நார்மன் டிரான்டர். எங்க கார்ன்வால்காரர் இல்ல, வடக்கே ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்த வெளியூர்க்காரர். வால்சால்ல ஒரு பூட்டுக் கம்பெனியில பதினேழு வயசுலேர்ந்து நாப்பத்தாறு வயசு வரைக்கும் சாவி ராவினவரு. கம்பெனியை மூடிட்டாங்க. பெண்டாட்டி அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வேற ஒருத்தரோட போயாச்சு. மனசு சரியில்லாம ஒரு வாரம் எங்க பக்கம் சுத்திப் பார்க்க வந்திருக்காரு. வந்த வாரம் பூரா மழை. பள்ளத்தாக்குக்குக் கீழே இருக்கிற பெரிய பங்களாத் தோட்டத்துல, அந்தக் காலத்துல கப்பல்ல வந்த மரப்பெரணிங்களுக்கு அடியில போய் ஒன்றரை மணி நேரம் நின்னாராம். டிக்கெட் கொடுக்கிற பொம்பளை பயந்துபோய் ஆளை அனுப்பிப் பார்த்தாளாம்.

"மேல கூரை மாதிரி இருக்கு, ஆனா வெளிச்சம் வருது, டாம்சின். இருபத்தொன்பது வருஷம் வெளிச்சம் வராத கூரைக்கு அடியில நின்னவன் நான்"னு பின்னாடி ஒரு நாள் எங்கிட்ட சொன்னாரு. ஆறே மாசத்துல எங்க வரிசையில கடைசி வீட்டை வாங்கிட்டு வந்துட்டாரு.

கோடையில வந்து ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிற வெளியூர்க்காரங்களை எறும்புன்னுதான் நாங்க சொல்லுவோம். நார்மனுக்கும் அந்தப் பேருதான். பத்து வருஷம் ஆச்சு, எறும்பு. இருபது வருஷம் ஆச்சு, குளிர்கால எறும்பு. அவர் கோவிச்சுக்கவே மாட்டாரு. "இன்னும் எத்தனை வருஷம் ஆகணும், மனுஷன் ஆக?"ன்னு கேப்பாரு. "உங்க தாத்தா இங்க பொறந்திருக்கணும், அதுக்கு இப்ப ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு நான் சொல்லுவேன்.

வந்த புதுசுல அவர் வீட்டுக் கூரை ஒழுகுச்சு. கூரை வேலை பார்க்கிற ஹெட்லியைக் கூப்பிட்டாரு. ஹெட்லி அண்ணாந்து பார்த்துட்டு, "டிரெக்லி வந்துடறேன் ராசா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நார்மன் கோட்டைக்கூட கழட்டாம வாசல்லயே நின்னாரு. சாயங்காலம் வரைக்கும் நின்னாரு. எனக்குப் பாவமாப் போச்சு, போய்ச் சொன்னேன்.

"என்னத்துக்கு நிக்கறீங்க?"

"ஹெட்லி டைரக்ட்லி வர்றேன்னாரு."

"டைரக்ட்லின்னு சொல்லலை, டிரெக்லின்னான்."

"ரெண்டும் ஒண்ணுதானே? எங்க ஊர்ல உடனேன்னு அர்த்தம். இந்த நிமிஷமே."

"எங்க ஊர்ல அப்படி இல்ல. வருவான். ஒரு நாள் வருவான். உள்ள போய் டீ குடிங்க."

ஏழு வாரம் கழிச்சு ஹெட்லி வந்தான். அந்த ஏழு வாரமும் நார்மன் தினம் ரெண்டு பேசின் தண்ணியைக் கூடத்துல பிடிச்சு வெளியே ஊத்தினாரு. அப்புறம் மனுஷன் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாரு. பொண்ணு லொரைன் ஃபோன்ல "எப்பப்பா வருவீங்க?"ன்னு கேட்டா, எனக்குக் கண்ணைக் காட்டிக்கிட்டே "டிரெக்லி"ம்பாரு. தபால்காரர்கிட்ட டிரெக்லி, பல் டாக்டர்கிட்ட டிரெக்லி. எங்களை விட நல்லாவே சொல்லுவாரு.

இனி அந்த மரங்களைப் பத்திச் சொல்லணும். சொன்னாலே எனக்கு அலுப்பு வருது. எந்தச் செடிக்கும் வேர்ல தண்ணி ஊத்துவோம். இதுக்கு உச்சியிலேர்ந்து தண்டு நனையற மாதிரி ஊத்தணும். தண்டுன்னு நாம நினைக்கிறது முக்கால்வாசி வேர்தானாம், நார் நாராத் தொங்குமே, அதெல்லாம். அதனால ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தினம் சாயங்காலம், மரத்துக்கு ரெண்டு வாளி. குழாயில பிடிக்கவே கூடாது, சுண்ணாம்புத் தண்ணி ஆகாது. பீப்பாய்ல மழைத்தண்ணி தீர்ந்துட்டா கீழ ஓடையிலேர்ந்து தூக்கணும். எங்க தோட்டங்கள் எல்லாம் சரிவு. கீழ இறங்கும்போது காலி வாளி, மேல ஏறும்போது நிறைஞ்ச வாளி. கடவுள் அதை மாத்தி வச்சிருக்கலாம்.

இவ்வளவு பண்ணினா வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளரும். ஒரே ஒரு விரற்கடை! என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ சொல்லுவாரு, "பக்கத்து வீட்டுக்காரர் ஒரு விட்டம் வாங்கிட்டு வந்து நட்டுவச்சு அதுக்கு முதுகு தேச்சுக் குளிப்பாட்டறாரு"ன்னு. அவரும் வாளி தூக்கினவருதான். அவர் போனப்புறம் அவர் பங்கு வாளியும் எங்கிட்ட வந்துடுச்சு. யாரும் கேக்கலை, நானேதான் எடுத்துக்கிட்டேன். அதுக்காக இப்பவும் என்னை நானே திட்டிக்கிறேன்.

குளிர்காலம் இன்னும் மோசம். மரத்துக்கு உச்சியில ஒரே ஒரு குருத்து. அது போச்சுன்னா மரமே போச்சு, பக்கவாட்டுல துளிர்க்கிற பேச்சே கிடையாது. நவம்பர்ல ஓலையெல்லாம் மேல கூட்டிக் கட்டி, குருத்துக்குள்ள வைக்கோலைத் திணிச்சு, அதுமேல வெள்ளைத் துணி சுத்தி, கயிறு போட்டு இறுக்கணும். ஏப்ரல்ல எல்லாத்தையும் பிரிக்கணும். பிரிச்சதும் நார்மன் கண்ணை மூடிக்கிட்டு குருத்துக்குள்ள கையை விடுவாரு. உள்ள புது ஓலைங்க மயிர் மூடி உருண்டை உருண்டையாச் சுருண்டிருக்கும். கெட்டியாத் தட்டுப்பட்டா உசிரு இருக்கு. கொழகொழன்னு இருந்தா கதை முடிஞ்சுது. முப்பத்தோரு வருஷத்துல அவர் முகம் கோணினதை நாலு தடவையோ அஞ்சு தடவையோ பார்த்திருக்கேன்.

எழுபது வயசு தாண்டினதுலேர்ந்து ஒவ்வொரு நவம்பரும் அதே பேச்சு.

"சலிப்பா இருக்கு, டாம்சின்."

"விட்டுத் தொலைங்களேன்."

"விட்டா செத்துடுமே."

"அப்ப புலம்பாம ஏறுங்க."

ஏணியில ஏறுவாரு. இறங்கும்போது முட்டி ரெண்டும் சத்தம் போடும். நான் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, சாயங்காலம் என்ன சமைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன்.

பதினேழுல பதினாறு ஒரே ஜாதி. பதினேழாவதுதான் கறுப்பி. ஓலைத்தண்டு கன்னங்கரேல்னு இருக்கும், அதனால அந்தப் பேரு. நியூசிலாந்துல ஒருத்தர் ஒரு கடித உறையில பழுப்புத் தூசி அனுப்பி வச்சாரு. விதைகூட இல்ல, தூசி. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல ஈரமண் போட்டுத் தூவி, மூடி, சமையல்கட்டு ஜன்னல்ல வச்சாரு. மூணு மாசம் ஒண்ணுமில்ல. அப்புறம் பாசி மாதிரி பச்சை. அதுலேர்ந்து எரநூறு பொட்டு. எரநூறுல பொழைச்சது ஒண்ணே ஒண்ணு.

அது பனி தாங்காத ஜாதி. மத்ததெல்லாம் லேசான பனியைச் சமாளிச்சுடும், இதுக்கு லேசாப் பனி கடிச்சாலே போச்சு. வெளியில நடாதீங்கன்னு பெரணிச் சங்கத்துக்காரங்க தலையால அடிச்சுக்கிட்டாங்க. இவர் நட்டாரு. அது ஹெட்லி வீட்டுப் புகைபோக்கிக்குப் போட்டியா வளர்ந்துச்சு, மத்தது ஒரு விரற்கடை வளர்ற நேரத்துல இது ஒரு முழம். பத்தொன்பது வருஷம். ஜூன் மாசம் சங்கத்துக்காரங்க பஸ் பிடிச்சு வந்து இதைப் பார்ப்பாங்க. வாயைப் பிளந்துக்கிட்டு அண்ணாந்து நிப்பாங்க. நான் சுட்ட குங்குமப்பூ பன்னை கையில வச்சுக்கிட்டு, திங்க மறந்து நிப்பாங்க. எனக்கு அது எரிச்சலா இருக்கும். நார்மன் பாட்டுக்கு டீ ஊத்திக்கிட்டு இருப்பாரு. ஆனா காது ரெண்டும் சிவந்திருக்கும், சந்தோஷத்துல.

கறுப்பிக்கு எப்பவும் கடைசியாத்தான் வைக்கோல். டிசம்பர் வரைக்கும் அது ஓலை விரிச்சுக்கிட்டே இருக்கும், அவசரப்பட்டு இருட்டுல அடைக்கக் கூடாதும்பாரு.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர். பதினாறையும் கட்டி முடிச்சாச்சு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில கறுப்பிக்கு வைக்கோல் கட்டு தூக்கிக்கிட்டு வந்தவரு, பாதி வழியில அந்தக் கட்டு மேலயே உக்காந்துட்டாரு. நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். முதல்ல இளைப்பாறுறாருன்னுதான் நினைச்சேன். முகத்தைப் பார்த்தா சாம்பல் நிறம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கிட்டுப் போச்சு. ஹார்ட் அட்டாக்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன். மூச்சு வாங்குது, பின்னாடி ஏதோ மெஷின் வேற கீங் கீங்ன்னு கத்துது.

"டாம்சின், டிவியில காத்து வடக்கே திரும்புதுங்கறான். கறுப்பிக்கு வைக்கோல்... போட்டுடுங்க. டிரெக்லி."

"நீங்க முதல்ல உங்க உடம்பைப் பாருங்க. அதுக்கென்ன, டிரெக்லி போட்டுடறேன்."

"நல்லது"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

வெளியே பார்த்தேன். தூறல், வெதுவெதுப்பு, நத்தை ஊர்ந்துக்கிட்டு இருக்கு. எங்க பள்ளத்தாக்குல நல்ல பனி பெய்யறது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. டிவிக்காரன் வருஷத்துக்குப் பத்து தடவை சொல்லுவான். செவ்வாய்க்கிழமை சர்ச்சுல கிறிஸ்துமஸ் விற்பனை, நாப்பது பன் நான்தான் சுடணும். புதன்கிழமை இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன். அவரே டிரெக்லின்னுதானே சொன்னாரு, என்ன அவசரம்?

வியாழக்கிழமை காலையில திரையை விலக்கினா ஊரே வெள்ளை. பறவைக்கு வச்ச தண்ணி கல்லாட்டம் உறைஞ்சிருக்கு. ரேடியோவுல மைனஸ் ஆறுன்னான். நைட்டி மேலயே கோட்டைப் போட்டுக்கிட்டு ஓடினேன். கறுப்பி விரிச்ச ஓலையோட அப்படியே நின்னுச்சு, ஒவ்வொரு ஓலையும் கண்ணாடி மாதிரி. ஒண்ணும் ஆகலைன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். பத்து மணிக்கு வெயில் வந்துச்சு. அத்தனை ஓலையும் கறுத்து, துவண்டு, கீழே தொங்கிடுச்சு.

அப்ப நான் செஞ்சதைச் சொல்ல வெக்கமா இருக்கு. ஹெட்லியைக் கூப்பிட்டேன். அன்னைக்குன்னு பார்த்து உடனே வந்தான் பாவி. அவன் ஏணியைப் பிடிச்சான், நான் ஏறினேன். செத்த ஓலையெல்லாம் கூட்டிக் கட்டி, குருத்துல வைக்கோல் திணிச்சு, வெள்ளைத் துணி சுத்தி, நார்மன் கட்டற மாதிரியே முடிச்சுப் போட்டேன்.

"எதுக்கும்மா இப்ப கட்டற?"ன்னு கேட்டான் ஹெட்லி.

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடி."

பத்து நாள் கழிச்சு நார்மன் வீட்டுக்கு வந்தாரு. பாதியா இளைச்சிருந்தாரு. சமையல்கட்டு ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சேன். தோட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்தாரு.

"நல்லா கட்டியிருக்கீங்க, டாம்சின்"னாரு.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு, ஏற்கெனவே கொதிச்ச தண்ணியை மறுபடியும் கொதிக்க வச்சேன்.

ஜனவரியில லொரைன் வந்தா. நல்ல பொண்ணு, அப்பாவைப் பத்திக் கவலைப்பட்டே அவளுக்கு முடி நரைச்சுப் போச்சு. "கீழ்ரூமை உங்களுக்காகவே ஒழிச்சு வச்சிருக்கேம்பா. மாடி ஏற வேணாம், டாக்டர் பக்கத்துலயே இருக்காரு. வாளி தூக்கறது போதும்பா, வந்துடுங்க"ன்னா. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். நார்மன் டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு.

"ஏப்ரல்ல கறுப்பியைப் பிரிப்போம். குருத்து இருந்தா நான் இங்கயே இருக்கேன். இல்லைன்னா உன்னோட வந்துடறேன்"னாரு.

எனக்குப் புரை ஏறிடுச்சு. லொரைன் என் முதுகுல தட்டினா.

எனக்கு அவர் போறது பிடிக்கலை. சொல்லிட்டேன், இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. என் வீட்டுக்காரர் போனப்புறம் நான் தினம் திட்டறதுக்கு இருந்த ஒரே ஆளு அவருதான். பதிலுக்குத் திட்டாம டீ ஊத்திக் கொடுப்பாரு. அவர் இருக்கறதா போறதாங்கறது ஒரு குருத்து மேல நிக்குது, அந்தக் குருத்தைக் கொன்னவ நான். ஒரு நாள் போய்த் துணியை விலக்கி உள்ள கையை விட்டுப் பார்த்திருக்கலாம். பயம். ஒருவேளை அடியில ஒரே ஒரு உருண்டை கெட்டியா இருக்குமோ, வைக்கோல் காப்பாத்தியிருக்குமோன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அந்த ஜன்னல்ல அவர் உக்காந்திருப்பாருன்னு, குப்பை கொட்டக்கூட சுத்திக்கிட்டு முன்வாசல் வழியாப் போனேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அப்படி ஒரு நீளமான குளிர்காலத்தை நான் பார்த்ததில்ல.

ஏப்ரல் ரெண்டாவது சனிக்கிழமை பிரிச்சோம். அவர் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதனால நான் ஏணியில, அவர் கீழே. பதினாறும் பொழைச்சுக்கிச்சு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கையை விட்டு "கெட்டி"ன்னு சத்தமாச் சொன்னேன், அவர் தலையை ஆட்டினாரு. கடைசியா கறுப்பி. முடிச்சை அவிழ்த்தேன். துணியை எடுத்ததும் அழுகின நாத்தம். ஓலை நனைஞ்ச காகிதம் மாதிரி கையோட வந்துச்சு. வைக்கோலை எடுத்துட்டு உள்ள கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் கூழ்.

"என்ன?"ன்னாரு கீழேயிருந்து.

ஏணியோட மேல்படியில உக்காந்து அழுதுட்டேன்.

"நார்மன், நீங்க சொன்ன அன்னைக்கு நான் கட்டலை. வியாழக்கிழமைதான் கட்டினேன். பனி பெஞ்சு முடிஞ்சு, செத்ததைத்தான் கட்டினேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே தெரியும். உசிருள்ள ஓலையைக் கூட்டிக் கட்டினா துணியை முட்டிக்கிட்டு விறைப்பா நிக்கும். இது தொளதொளன்னு தொங்குச்சு. ஜன்னல்லேர்ந்தே தெரிஞ்சுது."

அழுகை அப்படியே நின்னு போச்சு. "யோவ்! தெரிஞ்சுக்கிட்டேயா நாலு மாசம் சும்மா இருந்தீங்க? நாலு மாசமா எனக்கு ஒரு வாய் சோத்துல ருசி இல்ல, தெரியுமா? திருடி மாதிரி முன்வாசல் வழியா குப்பை கொட்டினேன்! எறங்கி வந்தேன்னா இந்த வாளியாலயே போடுவேன், ஹார்ட்டாவது ஒண்ணாவது!"

"முதல்ல எறங்குங்க. அப்புறம் போடுங்க."

எறங்கினேன். ரெண்டு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்தோம். கையைப் புல்லுல துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன், நாத்தம் போகலை.

"நீங்க டிரெக்லின்னுதானே சொன்னீங்க"ன்னேன்.

"டைரக்ட்லின்னு சொன்னேன், டாம்சின். எங்க ஊர் டைரக்ட்லி. உடனே. மூச்சு வாங்குச்சு, பாதி வார்த்தைதான் வெளிய வந்துச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்? வெளியாள் பேசறாருன்னு நினைச்சிருந்தா அப்பவே ஓடியிருப்பேன். நம்ம ஊர் ஆளு பேசறாருன்னு கேட்டுத் தொலைச்சேன்."

அவர் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாரு. காது சிவந்துச்சு.

"அப்ப நான் எறும்பு இல்லையா?"

"அந்த ஒரு ஃபோன்ல இல்ல. மத்தபடி எறும்புதான்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிப்பு முடிஞ்சதும் அது எனக்கு உறைச்சுது.

"அப்ப லொரைன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? செத்துடுச்சுன்னு தெரிஞ்சேதானே, குருத்து இருந்தா இருக்கேன்னு சொன்னீங்க?"

நார்மன் கறுப்பியோட தண்டைத் தடவினாரு.

"அன்னைக்கு ஜன்னல் பக்கத்துல உக்காந்து அது தொங்கறதைப் பார்த்தேன். அழுகை வரும்னு நினைச்சேன். வரலை. அப்பாடான்னு இருந்துச்சு, டாம்சின். பத்தொன்பது வருஷம் பிள்ளையாட்டம் வளர்த்தேன், அது செத்ததும் எனக்கு அப்பாடான்னு இருக்கு. இனிமே அதுக்கு ஏற வேணாம், அதை நினைச்சுப் பயப்பட வேணாம். எனக்கு அவ்வளவு அலுத்துப் போச்சு. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது? உங்ககிட்டயா? என் வாளியைத் தூக்கித் தோளைக் கெடுத்துக்கிட்டவங்ககிட்ட, போதும், எனக்கு வேணாம்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்வேன்? அதான் கறுப்பி மேல பழியைப் போட்டேன்."

கோவப்படலாம்னு பார்த்தேன், அதுக்கும் தெம்பு இல்ல. ரெண்டு பேருமே கிழடு, ரெண்டு பேருக்குமே இடுப்பு வலி. ரொம்ப நேரம் அந்த வாளி மேலயே உக்காந்திருந்தோம். அப்புறம் குளிருச்சு, உள்ள போயிட்டோம்.

மே மாசம் சங்கத்துக்காரங்க வண்டி கொண்டுவந்து, பிடுங்கற அளவுக்குச் சின்னதா இருந்த ஒன்பதைத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஏழு பெரிய மரம் நின்னுச்சு, கறுப்பியோட கட்டையும் நின்னுச்சு. வீட்டை லண்டன்காரத் தம்பதி ஒண்ணு வாங்கிச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து ஜன்னலைத் திறந்துட்டுப் போற எறும்புங்க. "இந்த மரமெல்லாம் ரொம்ப அழகா இருக்கு, தானா வளருமா?"ன்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டா. "வளரும்மா"ன்னேன்.

லொரைன் அவரைக் கூட்டிக்கிட்டுப் போகக் காரை எடுத்தப்போ நார்மன் கண்ணாடியை இறக்கினாரு.

"டிரெக்லி வந்து பார்க்கறேன், டாம்சின்."

"எந்த டிரெக்லி?"

பல்லைக் காட்டிச் சிரிச்சாரு. கார் மேட்டுல ஏறிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நவம்பர் ஆச்சு, இன்னும் வரலை. வார்த்தையை நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்காரு.

ஆனா ஃபோன் பண்ணுவாரு. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேர்ந்து வந்து செருப்பைக்கூட கழட்டலை, மணி அடிச்சுது.

"வைக்கோல் போட்டாச்சா?"

"டிரெக்லி"ன்னேன்.

"டாம்சின்!"னு ஒரு கத்தல். உடனே இருமல். "அப்பா, மெதுவா"ன்னு பின்னாடி லொரைன் குரல்.

"கத்தாதீங்க, செத்துத் தொலையப் போறீங்க. போட்டாச்சு. செவ்வாய்க்கிழமையே போட்டாச்சு, ஏழுக்கும்."

இருமல் நின்னதும் கேட்டாரு.

"ஹெட்லி ஃபோன்ல எட்டுன்னானே."

"ஹெட்லிக்கு வாய் நீளம்."

"எட்டாவது எது?"

என் ஸ்வெட்டர்ல இன்னும் வைக்கோல் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து மேஜை மேல வச்சேன்.

"அது செத்துடுச்சு, டாம்சின்."

"தெரியும். கையை விட்டுப் பார்த்தவ நான்தானே."

"அப்புறம் எதுக்கு?"

"தெரியலை"ன்னேன். நெஜமாவே தெரியலை. ஏழைக் கட்டிட்டு ஏணியை எடுத்து வைக்கப் போனேன், கால் தானா அங்க போய் நின்னுச்சு.

அவர் இன்னொரு தடவை இருமினாரு. அப்புறம் மெதுவா, "நல்லா இறுக்கிக் கட்டினீங்களா?"ன்னாரு.

"நல்லா இறுக்கிக் கட்டினேன்"னேன். "இந்தத் தடவை பனிக்கு முன்னாடியே."